மொட்டை மாடி வால்வு

ஏப்ரல் 7, 2025, திங்கள்

மேடவாக்கம் கூட்ரோட்டில் இன்றைக்கும் வண்டி நகரவில்லை. ஆபீஸ் படியேறும்போதே சாயங்காலத்து அலுப்பு. உள்ளே போனால் ஸ்ரீரங்கன் சார் வெளிநாட்டில் கட்டப்போகிற புது உரத் தொழிற்சாலையின் குழாய்ப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார். ஒவ்வொரு குழாய்க்கும் நான் டிசைன் பிரஷர் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதே வேலைதான். சொந்தக்காரர்களிடம் மோகன்ராஜ் என்னைப் பற்றி, "ஓ.எம்.ஆர்.ல பைப் கம்பெனில இருக்கா" என்பார். கட்டின புருஷனுக்கே புரியவைக்க முடியவில்லை. திருத்துவதை விட்டுப் பல வருஷமாகிவிட்டது.

குழாயில் தினமும் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை மீட்டர் வைத்து யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். என் வேலை அது இல்லை. என்றைக்காவது ஒரு கெட்ட நாள் வரும். அன்றைக்கு அழுத்தம் எதுவரை ஏறும்? அந்த எண்ணைத்தான் டிசைன் பிரஷர் என்று நான் எழுத வேண்டும், குழாய் அதைத் தாங்க வேண்டும். கெட்ட நாள் என்றால் பூகம்பம், புயல் எல்லாம் இல்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் அந்தப் பக்கத்து வால்வை மூடிவிடுவார். அவ்வளவுதான். தண்ணீர் தாராளமாக ஓடும்போது பம்ப் கொடுக்கிற அழுத்தத்தைவிட, போக வழியில்லாமல் நிற்கும்போது கொடுக்கிற அழுத்தம் அதிகம். இந்த வால்வை யார் மூடுவார், ஏன் மூடுவார் என்று யோசித்து யோசித்தே எனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அபார்ட்மென்ட் குரூப்பில் சண்டை. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிற படத்தை யாரோ போட்டிருக்கிறார்கள். எல்லாம் டேங்கர் தண்ணீர், வழிந்தால் வயிறு எரியத்தான் செய்யும். செயலாளர் சத்யநாராயணன் சார் தடித்த எழுத்தில் பதில் போட்டிருந்தார்: 'இனி ஒரு சொட்டு வழிந்தாலும் வாட்ச்மேன்தான் பொறுப்பு.' போன மாதம் வாங்கின புது பம்ப் பழையதைவிட வேகமானது. தொட்டி சீக்கிரம் நிரம்புகிறது, சீக்கிரம் வழிகிறது. தொட்டி நிரம்பியதும் பம்பைத் தானாக நிறுத்துகிற சென்சார் கெட்டுப்போய் ஒரு வருஷம் இருக்கும். அதைப் பற்றி யாரும் தடித்த எழுத்தில் எழுதவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இடுப்பு வலி. பட்டியலில் பாதி முடிந்தது. எழுத வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் சுவரில் தண்ணீர் அடிக்கிற இரைச்சல். கீழே இருந்து மொட்டை மாடிக்கு ஏறுகிற பிளாஸ்டிக் குழாய், மேற்குச் சுவரில், முதல் மாடி உயரத்தில் கிழிந்துவிட்டது. அந்த இடத்துக்கு நேரே சுந்தரவல்லி மாமியின் படுக்கையறை ஜன்னல். அது திறந்தேதான் இருக்கும், மாமிக்குக் காற்று வேண்டும்.

நான் போனபோது மெத்தை ஊறிப்போயிருந்தது. இன்வர்ட்டரிலிருந்து புகை. மாமி தனியாக இருப்பவர், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். மெயினை அணைத்துவிட்டு அவரை வெளியே கூட்டி வந்தேன்.

வாட்ச்மேன் ஜெபராஜ் மொட்டை மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து பம்பை நிறுத்தினார். ஐந்து மாடியும் படிக்கட்டில்தான். வாட்ச்மேன் லிஃப்டில் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் போகமாட்டார். முழங்கால் வேறு சரியில்லை. வந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மேலே என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வால்வை மூடினேன் என்றார்.

கிழிந்த இடத்தை நான் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீர் போன பிறகும் அக்கம்பக்கத்தில் குழாய் சுட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

தண்ணீர் இல்லாத புத்தாண்டு. ஜெபராஜ் ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கெட்டில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் நாலாவது மாடிக்கு வந்தபோது உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் வால்வை மூடினீர்கள் என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் மேடம். வழிஞ்சா போட்டோ எட்த்து போட்றாங்க. கீயேந்து பாத்தா ரொம்பிச்சா இல்லியான்னு தெர்ல. அதான் மேல போய் நின்னுகினு, ரொம்புன ஒடனே வால்வ மூடிட்டு, கீய வந்து மோட்டார ஆஃப் பண்ணுவேன். பழைய மோட்டார் இருந்தப்போவும் அப்டித்தான். ஒண்ணும் ஆவல."

"முதல்லயே வந்து மோட்டாரை நிறுத்திட்டா?"

"அப்போ ரொம்பாது. தண்ணி வர்லன்னு சொல்லுவாங்க."

இத்தனை வருஷமாக ஆபீஸில் உட்கார்ந்து 'யாரோ ஒருவர்' என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள் கையில் பக்கெட்டோடு என் வாசலில் நிற்கிறார். ஏன் மூடுவார் என்பதற்கு எங்கள் ஆபீஸில் நிறையக் காரணம் எழுதுவோம். கவனக்குறைவு, பயிற்சிக் குறைவு. திட்டு வாங்காமல் இருப்பதற்காக மூடுவார் என்று ஒருநாளும் எழுதியதில்லை.

பம்ப் ரூமை ஒட்டின அறையில்தான் அவரும் மனைவியும் மகள் ஜெனியும் இருக்கிறார்கள். ஜெனிக்கு நர்சிங் கடைசி வருஷம். வேலை போனால் அறையும் போய்விடும். "அனுப்பிடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பேங்கில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் எழுத்தில் கேட்பார்.

"நீங்கதான் மேடம் இந்த லைன்ல இருக்கீங்க. காரணம் என்னன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. வால்வை மூடினதாலதான் வெடிச்சுது, அதானே?"

அதானே. அதில் பொய் இல்லை, அதுதான் தொல்லை.

அவர் போனதும் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டேன். பம்ப் நன்றாக ஓடும்போது குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ அழுத்தம்கூட இல்லை. மேலே மூடினால் ஏழு கிலோவுக்குப் பக்கத்தில் போகிறது. பழைய பம்ப் எவ்வளவு முக்கினாலும் நாலைத் தாண்டியிருக்காது. குழாயின் மேல் ஆறு கிலோ என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் அது நிழலில் இருக்கிற குழாய்க்கு. ஏப்ரல் வெயிலில், மேற்குச் சுவரில், பிளாஸ்டிக் இளகிப்போய்ப் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தாங்கும். தினமும் விடியற்காலையில் தண்ணீர் ஏற்றுவார்கள், குழாய் குளிர்ந்திருக்கும், எப்படியோ தப்பித்துக்கொண்டே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டேங்கர் தாமதமாகி மத்தியானம் வந்தது. வெயிலும் மூடின வால்வும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன.

புது பம்ப் வாங்கின அன்றைக்கே இந்தக் குழாய்க்கு நாள் குறித்தாகிவிட்டது. வாங்கும்போது குழாயைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. அதே கட்டடத்தில் ஒருத்தி இதையே தொழிலாகச் செய்கிறாள், அவளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன, அலுப்பாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

மூடுகிறவர் கை குற்றவாளி இல்லை என்று ஒரு பக்கத்தில் எப்படி எழுதுவது?

ஏப்ரல் 20, ஞாயிறு

கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். இன்றைக்கு ஈஸ்டர். ஜெபராஜ் சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பைக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

கணக்கை என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். இரும்புக் குழாய் போட வேண்டும், பம்ப் எதுவரை தள்ளுமோ அதுவரை குழாய் தாங்க வேண்டும், சென்சார் வைக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். செயலாளர், "அப்போ வால்வை மூடினது தப்பே இல்லைங்கறீங்களா?" என்று கேட்டார்.

"வால்வுன்னு ஒண்ணு இருந்தா ஒருநாள் யாராவது மூடுவாங்க சார். மூடினாலும் குழாய்க்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அதுக்குத்தான் டிசைன் பிரஷர்னு ஒண்ணு போடறோம். எங்க ஆபீஸ்ல மூடினவர் பேரைக் காரணமா எழுத மாட்டோம்."

"நாங்க யாரும் மூடலையே மேடம்," என்றார் மூன்றாவது மாடி தோத்தாத்ரி. சிரித்தார்கள்.

சுந்தரவல்லி மாமி சிரிக்கவில்லை. "ஹேமா, நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அன்னிக்கு அந்தப் புகையில நான் போயிருந்தா யாரைக் கேக்கறது? அவன் அந்த வால்வுல கைய வெச்சதாலதானே? அவனைப் பாத்தாலே எனக்குப் படபடங்கறது." மாமியின் பயம் நிஜம்.

குழாய் விஷயத்தில் நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு கைத்தட்டினார்கள். ஜெபராஜ் விஷயத்துக்கு வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொரு கூட்டம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆபீஸில் ஸ்ரீரங்கன் சார் ஒரு குழாயைக் காட்டி, "இந்த வால்வை யார் ஹேமா மூடப் போறா? பூட்டு போட்டு வைங்கன்னு ஒரு வரி எழுதிட்டா மெல்லிசுக் குழாயே போதும்" என்றார். பூட்டினால் சாவி இருக்கும் சார், சாவி யாரிடமாவது இருக்கும் என்றேன். அவருக்கு என் பிடிவாதம் பழக்கம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கிளையன்ட் மீட்டிங்கில் நீயே சொல்லிக்கொள் என்றுவிட்டார்.

அதே வியாழக்கிழமை.

ஏப்ரல் 24, வியாழன்

கிளையன்ட் ஒரு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஆமாம், யாராவது மூடத்தான் செய்வார்கள், கனமான குழாயே போடுங்கள் என்றார்கள். ஸ்ரீரங்கன் சார் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பள்ளிக்கரணை தாண்டி வண்டி நின்றுவிட்டது. முன்னால் டேங்கர், பின்னால் டேங்கர். போன் அடித்தேன், மோகன்ராஜ் எடுக்கவில்லை. வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்கிக்கொண்டிருந்தவர் ஜெபராஜ்.

இந்த மாதக் கடைசியோடு அவர் போக வேண்டும். வீட்டுக்கு ஒரு ஓட்டு. கிட்டத்தட்ட எல்லோரும் கை தூக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு மோகன்ராஜ் தூக்கியிருக்கிறார்.

என்ன சொல்றதுன்னே தெரியல. கடலுக்கு அந்தப் பக்கம், இன்னும் கட்டாத தொழிற்சாலையில, இன்னும் வேலைக்கே சேராத எவனோ ஒருத்தன் வால்வை மூடிடுவானேன்னு அத்தனை இரும்பு போடச் சொல்லிட்டு வந்தேன். எல்லாரும் சரின்னாங்க. இங்க நம்ம வீட்டு வாசல்ல இருக்கற மனுஷனுக்கு ஒரு விரற்கடை இடம் கொடுக்கல. அவரைத் தூக்கற கையில என் வீட்டுக் கையும் ஒண்ணு.

ஏப்ரல் 25, வெள்ளி

"மாமி அழுதாங்க ஹேமா. சுத்தி எல்லாரும் கை தூக்கறாங்க. நான் மட்டும் எப்படி சும்மா உக்காந்துகினு இருக்கறது?" என்றார் மோகன்ராஜ்.

அவர் கெட்டவர் இல்லை. மாமிக்குப் புது மெத்தையைத் தலையில் சுமந்து மாடி ஏற்றினவரும் அவர்தான். இன்றைக்கு நான் சமைக்கவில்லை. அவரே போய் இட்லி வாங்கி வந்தார்.

ஏப்ரல் 30, புதன்

ஒரு குட்டியானை மினி லாரியில் அவர்கள் சாமான் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, ஜெனியின் புத்தக மூட்டை. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்துக்கு அங்கே இடம் கிடையாது. மனைவியும் ஜெனியும் மாடம்பாக்கத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கீழே போய் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

"அன்னிக்கி எனக்கோசரம் பேசினீங்க மேடம்," என்றார். அப்புறம், "ஆனா மூடுனது நான்தானே?"

"உங்க மேல தப்பு இல்ல ஜெபராஜ். அந்தக் குழாய் அந்த பம்புக்குப் பத்தாது."

சிரித்துக்கொண்டே தலையாட்டினார். செத்த வீட்டில் ஆறுதல் சொல்கிறவரைப் பார்த்துத் தலையாட்டுவார்களே, அப்படி. நான் சொன்னது ஆறுதல் இல்லை, கணக்கு. அதை அவருக்குப் புரியவைக்கிற தெம்பு எனக்கு இல்லை. வண்டி கிளம்பிவிட்டது.

மே 11, ஞாயிறு

புதுக் குழாய் போட்டாகிவிட்டது. பிளம்பர் லோகநாதன் இந்த ஊர்க்காரர், வேலை சுத்தம். மொட்டை மாடியில் மறுபடியும் ஒரு வால்வை வைத்திருந்தார். இது வேண்டாமே என்றேன்.

"வால்வு இல்லாம எப்டி மேடம் தொட்டி கழுவுறது? ஒரு ரிப்பேர்னா முழு லைனையும் காலி பண்ணணும்."

அவர் சொல்வதும் நியாயம். இருந்துவிட்டுப் போகட்டும், இந்தக் குழாய் தாங்கும் என்று விட்டுவிட்டேன். தாங்குமா என்று பார்க்க, கைப் பம்ப் வைத்துப் பத்து கிலோவுக்கு மேல் ஏற்றி நிறுத்தச் சொன்னேன். மீட்டர் முள் அசையவில்லை. வேடிக்கை பார்க்க வந்த செயலாளர், "மேடம் நம்ம பில்டிங்குக்குக் கிடைச்ச சொத்து" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சுந்தரவல்லி மாமி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

குழாயையும் மாற்றியாகிவிட்டது, ஆளையும் மாற்றியாகிவிட்டது. எதனால் இப்போது வெடிக்கவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

மே 19, திங்கள்

சென்சார் மாட்ட எலக்ட்ரீஷியன் இந்த வாரமும் வரவில்லை. புது வாட்ச்மேன் ஏஜென்சி ஆள். பெயரை இன்னும் நான் கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தரை கொதித்தது. கொடியில் பாதித் துணியை எடுத்திருப்பேன், தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. காலுக்குக் கீழே தண்ணீர் ஓடி மழைநீர்க் குழாயில் விழுகிறது. காசு கொடுத்து வாங்கின தண்ணீர். இந்தத் தண்ணீருக்காகத்தான் காலையில் பக்கத்து பிளாக்கோடு சண்டை. ஐயோ என்று தோளில் துணியோடு ஓடினேன். வால்வை மூடினேன்.

இறுக்கி மூடினேன்.

மூடி முடித்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். கீழே பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக யார் மூடுவார், யார் மூடுவார் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உள்ளங்கையைக் குழாய்மேல் வைத்தேன். சுட்டது. லேசாக அதிர்ந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பத் திறக்கவும் தோன்றவில்லை. இறங்கிப் போய் பம்பை நிறுத்தினேன். லிஃப்டில்தான் இறங்கினேன். புது வாட்ச்மேன் கேட்டருகே அடுத்த டேங்கருக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் கிருபாகரன். இன்றைக்குக் கேட்டேன்.

சாயங்காலம் குரூப்பில் எழுதினேன்: 'இன்று மத்தியானம் தொட்டி வழிந்தது. பம்ப் ஓடும்போதே நான் மொட்டை மாடி வால்வை மூடிவிட்டேன். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேமாவதி, நாலாவது மாடி.'

முதலில் பதில் போட்டவர் செயலாளர். 'மிக்க நன்றி மேடம். சமயத்தில் தண்ணீரைக் காப்பாற்றினீர்கள்.' அப்புறம் வரிசையாகக் கும்பிடும் கைகள், கைத்தட்டல். சுந்தரவல்லி மாமி ஒரு பூங்கொத்து போட்டார். ஹாலில் உட்கார்ந்திருந்த மோகன்ராஜும் அங்கிருந்தே ஒரு கைத்தட்டல் போட்டார்.

பிறகு எழுதினேன்: 'ஜெபராஜ் அன்றைக்குச் செய்ததும் இதையேதான்.'

எல்லோரும் பார்த்துவிட்டார்கள், பார்த்ததைக் காட்டுகிறது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. மோகன்ராஜ் எழுந்து வந்து என் அறை வாசலில் நின்றார், பிறகு கட்டிலில் கிடந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகு குரூப்பில் ஒரு செய்தி வந்தது. நாளைக்கு டேங்கர் ஏழு மணிக்கே வந்துவிடும் என்று செயலாளர் போட்டிருந்தார்.